மின்சாரம் போன பிறகு அந்த வரவு எங்கே இருந்தது?

மாலை ஆறு மணி இருக்கும். சிக்கன நாணயச் சங்கம் ஒன்றில் வேலை பார்க்கும் அக்கா பதற்றத்தோடு கூப்பிட்டார். உறுப்பினர் ஒருவர் கட்டிய கடன் தவணை 2,500 ரூபாயை வரவு வைத்திருக்கிறார். திரையில் "பதிவாகிவிட்டது" என்று வந்த அதே நொடியில் மின்சாரம் போய்விட்டது. யுபிஎஸ் பேட்டரி செயலிழந்து பல மாதங்கள் ஆகின்றன. பணம் மேசை இழுப்பறைக்குள் போய்விட்டது, ரசீது அச்சாகவில்லை, உறுப்பினர் எதிரே நிற்கிறார். "தம்பி, அந்த வரவு உள்ளே இருக்குமா, இருக்காதா? இவரிடம் நான் என்ன சொல்லட்டும்?"

"இருக்கும் அக்கா, தைரியமாகக் கையால் ரசீது எழுதிக் கொடுங்கள்" என்றேன். கணினியைப் பார்க்காமலேயே அப்படிச் சொல்ல முடிந்தது. சங்கத்தின் கணக்கு மென்பொருளுக்கு அடியில் இருந்து தரவைச் சேமித்து வைப்பது போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம். "பதிவாகிவிட்டது" என்று ஒரு தரவுத்தளம் சொல்லிவிட்டால், அது கொடுத்த வாக்கு. அடுத்த நொடியே மின்சாரம் போனாலும் அந்த வாக்கு நிற்க வேண்டும். தியோ ஹேர்டர், ஆண்ட்ரியாஸ் ராய்ட்டர் என்ற இரு ஜெர்மானிய ஆய்வாளர்கள் 1983-இல் பரிவர்த்தனைக்கு (ஒன்றாகவே நடந்து முடியவேண்டிய மாற்றங்களின் தொகுப்புக்கு) வேண்டிய நான்கு குணங்களைத் தொகுத்து 'ஆசிட்' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரின் கடைசி எழுத்தான 'டி' இந்த நிலைப்புத்தன்மையைக் குறிக்கிறது.

அந்த வாக்கை ஒரு தரவுத்தளம் எப்படிக் காப்பாற்றுகிறது என்பதை, இதைப் புதிதாகக் கற்க வருபவர்களுக்காக எழுதுகிறேன். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கணினி அணைந்தால் நினைவகத்தில் இருப்பது போய்விடும், டிஸ்கில் இருப்பது போகாது என்று தெரிந்தால் போதும்.

எழுதியது எங்கே போகிறது?

கோப்பில் எழுது என்று நிரல் சொன்னதும் அது டிஸ்கில் போய் உட்கார்ந்துவிடும் என்றுதான் எல்லோரும் முதலில் நினைக்கிறோம். உண்மையில் வழியில் மூன்று இடங்களில் அது தங்கிச் செல்கிறது. முதலாவது, தரவுத்தளம் தனக்கென்று ஒதுக்கிக்கொண்ட நினைவகம். போஸ்ட்கிரெஸ் நிறுவியவுடன் இதன் அளவு வழக்கமாக 128 எம்பி. இரண்டாவது, இயங்குதளத்தின் நினைவகம். லினக்ஸாக இருந்தாலும் விண்டோஸாக இருந்தாலும், கொடுத்ததை வாங்கி வைத்துக்கொண்டு "சரி" என்று உடனே பதில் சொல்லிவிடும். டிஸ்குக்கு அனுப்புவது பிறகு, தனக்குத் தோதான நேரத்தில். மூன்றாவது, டிஸ்குக்கு உள்ளேயே இருக்கும் சிறிய நினைவகம். இந்த மூன்றையும் கடந்த பிறகுதான் எழுதியது காந்தத் தட்டிலோ எஸ்எஸ்டியின் சில்லிலோ ஏறுகிறது.

இத்தனை இடைத்தங்கலும் வேகத்துக்காக. நினைவகத்தோடு ஒப்பிட்டால் டிஸ்க் மிக மெதுவானது. ஒவ்வொரு எழுத்தும் தட்டு வரை போய்த் திரும்பக் காத்திருந்தால் கணினியை யாராலும் பயன்படுத்த முடியாது. ஆகவே எல்லோரும் கொஞ்சம் கையில் வைத்துக்கொண்டு, சேர்த்து அனுப்புகிறார்கள். கையில் வைத்திருக்கும் அந்த நேரத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். 'கிராஷ்' என்ற ஒரே சொல்லால் இரண்டு வேறு விபத்துகளைச் சொல்கிறோம். தரவுத்தள நிரல் மட்டும் செத்துப்போவது ஒன்று. அப்போது முதல் நினைவகம்தான் அழிகிறது. இயங்குதளம் வாங்கி வைத்தது அப்படியே இருக்கும், பிறகு ஒழுங்காக டிஸ்குக்குப் போய்விடும். இயங்குதளமே உறைந்துபோவதும் மின்சாரம் போவதும் வேறு வகை. அப்போது இயங்குதளத்தின் கையில் இருந்ததும் போய்விடுகிறது, மின்சாரம் போனால் டிஸ்குக்குள் இருக்கும் நினைவகமும் சேர்ந்து போகிறது. "நிரலை வலுக்கட்டாயமாக நிறுத்தும் 'கில்' கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன், தரவு எதுவும் போகவில்லை, ஆகவே என் மென்பொருள் பாதுகாப்பானது" என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் சோதித்தது முதல் வகையை. மின்வெட்டைப் பற்றி அந்தச் சோதனை ஒன்றுமே சொல்லவில்லை.

நேராக எழுதிவிட்டால் என்ன?

அந்த 2,500 ரூபாயைப் பின்தொடர்வோம். உறுப்பினரின் கடன் நிலுவை 40,000-இலிருந்து 37,500 ஆக வேண்டும். சங்கத்தின் ரொக்கக் கணக்கு 2,500 ஏற வேண்டும். ரசீதுப் பட்டியலில் ஒரு வரி சேர வேண்டும். தரவுத்தளம் தன் கோப்புகளைப் பக்கம் பக்கமாகப் பிரித்து வைத்திருக்கிறது. போஸ்ட்கிரெஸில் ஒரு பக்கம் 8 கேபி, மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் தரவைச் சேமிக்கும் பகுதியான இன்னோடிபியில் வழக்கமாக 16 கேபி. நம் மூன்று மாற்றங்களும் மூன்று வேறு பக்கங்களில் நடக்கின்றன. தேடுவதற்கான இன்டெக்ஸ்களையும் சேர்த்தால் ஐந்தாறு பக்கங்கள், டிஸ்கில் ஆளுக்கொரு மூலையில்.

அவற்றை ஒவ்வொன்றாக நேராக டிஸ்கில் எழுதலாம் என்று வைத்துக்கொள்வோம். சில பத்து பைட்டுகளை மாற்ற 40 கேபிக்கு மேல் எழுத வேண்டும், அதுவும் மூலைக்கு மூலை ஓடி. இந்த வீண்வேலையையாவது பொறுத்துக்கொள்ளலாம். நிலுவைப் பக்கம் எழுதி முடிந்து, ரொக்கப் பக்கம் எழுதப்படுவதற்குள் மின்சாரம் போனால்? உறுப்பினரின் கடன் குறைந்திருக்கும், சங்கத்தில் பணம் ஏறியிருக்காது. கணினியைத் திறந்து பார்ப்பவருக்கு இரண்டில் எது சரி என்று தெரிய வழியே இல்லை. எந்த வரிசையில் எழுதினாலும் நடுவில் ஒரு புள்ளியில் கணக்கு உடைந்தே இருக்கும். மேலெழுதியதால் பழைய நிலையும் கையில் இல்லை, புதிய நிலையும் முழுமையாக வரவில்லை.

சிட்டை முதலில், பேரேடு பிறகு

கணினி வருவதற்கு வெகு காலம் முன்பே கடைக்காரர்கள் இதற்கு வழி கண்டுவிட்டார்கள். கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் யாராவது பணம் கொடுத்ததும் பேரேட்டைப் புரட்டி அவர் பக்கத்தைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார். கையருகே இருக்கும் சிட்டையில், முந்தைய வரிக்குக் கீழே அடுத்த வரியாக எழுதிக்கொள்வார்: இன்னார், இவ்வளவு, வரவு. கடை ஓய்ந்த நேரத்தில் சிட்டையைப் பார்த்து, பேரேட்டில் ஒவ்வொருவர் பக்கத்திலும் ஏற்றுவார். பேரேட்டில் பாதி ஏற்றியபோது யாரோ கூப்பிட்டுப் போய்விட்டால் ஒன்றும் கெடாது. சிட்டை இருக்கிறது, எதுவரை ஏற்றினோம் என்று பார்த்து மீதியை ஏற்றலாம்.

தரவுத்தளமும் இதையே செய்கிறது. அதன் சிட்டைக்கு 'ரைட்-அஹெட் லாக்' என்று பெயர், அதாவது முன்கூட்டியே எழுதும் பதிவேடு. இனி லாக் என்றே சொல்கிறேன். போஸ்ட்கிரெஸுக்கு இது 2001-இல் வந்த 7.1 பதிப்பில் கிடைத்தது. இன்னோடிபியில் 'ரீடூ லாக்' என்பார்கள். பக்கங்களை நினைவகத்தில் மட்டும் மாற்றி வைத்துக்கொண்டு, என்ன மாற்றினோம் என்பதை லாக்கின் வாலில் சேர்ப்பார்கள். வாலில் சேர்ப்பது என்பதால் மூலைக்கு மூலை ஓட்டம் இல்லை. எழுதவேண்டிய அளவும் கொஞ்சம்.

நம் தவணைக்கு லாக்கில் விழுவதை மனிதர் படிக்கும்படி எழுதினால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

பரிவர்த்தனை 7301: உறுப்பினர் கோப்பு, பக்கம் 52, நிலுவை 37,500.
பரிவர்த்தனை 7301: கணக்குக் கோப்பு, பக்கம் 4, ரொக்கம் 2,500 கூடியபின் வரும் தொகை.
பரிவர்த்தனை 7301: ரசீதுக் கோப்பு, பக்கம் 910, புதிய வரி.
பரிவர்த்தனை 7301: கமிட்.

கடைசி வரியை நன்றாகப் பாருங்கள். முதல் மூன்றும் வெறும் குறிப்புகள். "கமிட்" என்ற நான்காவது வரி லாக்கில் ஏறாதவரை மற்ற மூன்றுக்கும் மதிப்பில்லை. அது ஏறிவிட்டால் மூன்றும் சேர்ந்தே செல்லும். பாதிக் கணக்கு என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போவது இந்த ஒரு வரியால்தான்.

ஒவ்வொரு குறிப்புக்கும் முன்னால் போஸ்ட்கிரெஸ் 24 பைட் தலைப்பு ஒன்றை வைக்கிறது. குறிப்பின் நீளம், எந்தப் பரிவர்த்தனை, இதற்கு முந்தைய குறிப்பு எங்கே தொடங்குகிறது, கடைசியாக ஒரு சரிபார்ப்பு எண். குறிப்பில் ஒரு பிட் மாறினாலும் அந்தச் சரிபார்ப்பு எண் ஒத்துப்போகாது. இந்த 24-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

லாக்கில் ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு இட எண் உண்டு: லாக்கின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட் என்பது. ஒரு பக்கத்தை மாற்றும்போதெல்லாம், அந்த மாற்றத்தைச் சொல்லும் குறிப்பின் இட எண்ணைப் பக்கத்தின் தலையிலும் எழுதிவிடுகிறார்கள். ஆகவே எந்தப் பக்கத்தை எடுத்தாலும், லாக்கில் எந்த இடம் வரையிலான மாற்றங்கள் அதில் ஏறியிருக்கின்றன என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லலாம். மொத்த ஏற்பாட்டுக்கும் விதிகள் இரண்டே. ஒரு பக்கம் டிஸ்குக்குப் போகுமுன் அதன் தலையில் இருக்கும் இட எண் வரை லாக் டிஸ்கில் ஏறியிருக்க வேண்டும். பயனரிடம் "பதிவாகிவிட்டது" என்று சொல்லுமுன் அவருடைய கமிட் குறிப்பு டிஸ்கில் ஏறியிருக்க வேண்டும். பக்கங்கள் எப்போது டிஸ்குக்குப் போகின்றன என்பதைப் பற்றிக் கவலையே இல்லை, சாவகாசமாகப் போகலாம்.

வாக்குக் கொடுக்கும் நொடி

லாக்கும் ஒரு கோப்புதானே, அதை எழுதும்போதும் அந்த மூன்று இடைத்தங்கல்கள் உண்டே என்று நீங்கள் கேட்டால், பாடத்தின் நடு நரம்பைப் பிடித்துவிட்டீர்கள். இதற்காகவே இயங்குதளங்கள் ஒரு தனி அழைப்பை வைத்திருக்கின்றன. லினக்ஸிலும் யூனிக்ஸ் குடும்பத்திலும் அதன் பெயர் 'எஃப்சிங்க்'. "இந்தக் கோப்புக்காக உன் கையில் இருப்பதையெல்லாம் டிஸ்கில் ஏற்று, ஏறி முடியும்வரை திரும்பி வராதே" என்பது அதன் பொருள். தரவுத்தளம் கமிட் குறிப்பை எழுதுகிறது, எஃப்சிங்க்கைக் கூப்பிடுகிறது, காத்திருக்கிறது. அது நல்லபடியாகத் திரும்பிய பிறகே "பதிவாகிவிட்டது" என்கிறது. அக்காவின் திரையில் அந்தச் சொல் தோன்றியிருந்தது என்றால், அதற்கு முன்பே நான்கு குறிப்புகளும் டிஸ்கில் இருந்தன. நிலுவைப் பக்கமும் ரொக்கப் பக்கமும் அப்போது பெரும்பாலும் நினைவகத்தில் மட்டுமே இருந்திருக்கும். அவை அழிந்ததும் உண்மை, வரவு அழியாததும் உண்மை.

இந்தக் காத்திருப்புக்கு விலை உண்டு. நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும் சாதாரண ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 120 சுற்று சுற்றுகிறது. லாக்கின் வாலில் ஒரு குறிப்பை எழுதி, காத்திருந்து, மறுபடி அடுத்ததை எழுத, தட்டு ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று சுற்றி வர வேண்டும். ஆகவே ஒருவர் பின் ஒருவராக வந்தால் நொடிக்கு 120 கமிட்டுக்கு மேல் போவது கடினம். இந்த எண்ணையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் எழுதும் இடத்தில் இது எப்படிப் போதும்? ஒரு எஃப்சிங்க் நடந்துகொண்டிருக்கும்போது வந்து சேரும் கமிட்டுகளை வரிசையில் நிற்கவைத்து, அடுத்த எஃப்சிங்க்கில் எல்லோரையும் ஒன்றாக ஏற்றிவிடுகிறார்கள். ஒரு பஸ்ஸில் ஐம்பது பேர் போவது போல. இதற்குக் குழு கமிட் என்று பெயர். யாருக்கும் பொய்யாக "பதிவாகிவிட்டது" என்று சொல்லவில்லை. ஒரே பயணத்தைப் பகிர்ந்துகொண்டார்கள், அவ்வளவுதான். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த யோசனைகளில் இது ஒன்று.

மின்சாரம் திரும்பியதும்

முக்கால் மணி நேரம் கழித்து மின்சாரம் வந்தது. போஸ்ட்கிரெஸ் எழுந்ததும் தன் செய்திக் கோப்பில் சில வரிகளை எழுதியது. தமிழில் சொன்னால்: தரவுத்தளம் முறையாக நிறுத்தப்படவில்லை, தானியங்கி மீட்பு நடக்கிறது. இந்த இடத்திலிருந்து மறுசெய்கை தொடங்குகிறது. இந்த இடத்தில் குறிப்பின் நீளம் செல்லாது, குறைந்தது 24 வேண்டும், கிடைத்தது 0. மறுசெய்கை இந்த இடத்தில் முடிந்தது. இணைப்புகளை ஏற்கத் தயார்.

மூன்றாவது வரியைப் பார்த்துப் பயப்படாத புதியவர் இல்லை. "செல்லாது" என்ற சொல்லைக் கண்டதும் தரவு கெட்டுவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். இப்போது உங்களுக்கு அந்த 24 தெரியும். மீட்பு நிரல் லாக்கைக் குறிப்புக் குறிப்பாகப் படித்துக்கொண்டே போகிறது. ஒரு இடத்தில் 24 பைட் தலைப்பு இருக்கவேண்டிய இடத்தில் வெறும் பூச்சியம் இருக்கிறது. லாக் அங்கே முடிகிறது என்பதற்கு வேறு அடையாளம் கிடையாது. மின்சாரம் போனபோது ஒரு குறிப்பு பாதி எழுதப்பட்டிருந்தால் சரிபார்ப்பு எண் ஒத்துப்போகாது. அப்போதும் அங்கேயே நின்றுவிடும். அந்தப் பாதிக் குறிப்புக்காக யாருக்கும் வாக்குக் கொடுக்கப்படவில்லை, ஆகவே அதை விட்டுவிடுவதில் நட்டம் யாருக்கும் இல்லை. மின்வெட்டுக்குப் பிறகு இந்த வரி வருவது இயல்பு.

நடுவில் நடந்தது என்ன? 52-ஆம் பக்கத்தைச் சொல்லும் குறிப்பு வந்ததும் மீட்பு நிரல் டிஸ்கிலிருந்து அந்தப் பக்கத்தை எடுத்து அதன் தலையில் இருக்கும் இட எண்ணைப் பார்க்கும். பக்கத்தின் எண் குறிப்பின் எண்ணைவிடச் சிறியதாக இருந்தால், இந்த மாற்றம் இன்னும் ஏறவில்லை என்று பொருள், ஏற்றிவிடும். சமமாகவோ பெரியதாகவோ இருந்தால் ஏற்கெனவே ஏறிவிட்டது; தாண்டிப் போகும். இதனால் மீட்பு நடக்கும்போதே மறுபடி மின்சாரம் போனாலும் பயமில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கும். எந்த மாற்றமும் இரண்டு முறை ஏறாது.

இந்த மீட்பு முறையைக் கோவையாக வகுத்துத் தந்தவர்களில் முதன்மையானவர் சி. மோகன். சென்னை ஐஐடியில் படித்துவிட்டு, அமெரிக்காவின் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, கலிஃபோர்னியாவின் ஐபிஎம் ஆல்மடன் ஆய்வு மையத்தில் பணியாற்றியவர். அவரும் நான்கு சக ஆய்வாளர்களும் 1992-இல் வெளியிட்ட 'ஏரிஸ்' என்ற கட்டுரை ஏறக்குறைய எழுபது பக்கம் ஓடும். அதன் துணிச்சலான யோசனை, மீட்பின்போது முதலில் நடந்தவற்றையெல்லாம் அப்படியே மறுபடி நடத்து என்பது; கமிட் ஆகாத பரிவர்த்தனைகளின் மாற்றங்களையும் விடாமல். விபத்து நேர்ந்த கணத்தின் நிலையை அப்படியே திரும்பக் கொண்டுவந்த பிறகு, முடியாத பரிவர்த்தனைகளைப் பின்னோக்கிச் சென்று ஒவ்வொன்றாக அவிழ்க்கிறார்கள். அப்படி அவிழ்ப்பதையும் லாக்கில் எழுதிவைக்கிறார்கள், நடுவில் மறுபடி விழுந்தால் அவிழ்த்ததையே அவிழ்க்காமல் இருக்க. ஐபிஎம்மின் டிபி2 முதல் பல தரவுத்தளங்கள் இந்த வழியில் நடக்கின்றன. இன்னோடிபியும் முன்னோக்கி ஏற்றி, பின்னோக்கி அவிழ்க்கிறது. போஸ்ட்கிரெஸ் அவிழ்ப்பதில்லை. அது பழைய வரியை அழிக்காமல் வைத்துக்கொண்டு புதிய வரியைப் பக்கத்தில் சேர்க்கும் இயல்புடையது. கமிட் ஆகாத பரிவர்த்தனையின் வரிகளை யாருக்கும் காட்டாமல் விட்டுவிட்டால் போதும்.

லாக் முடிவில்லாமல் வளருமே, ஆரம்பம் முதல் படிக்க நாள்கணக்கில் ஆகுமே என்றால், அதற்குத்தான் 'செக்பாயிண்ட்'. அவ்வப்போது, வேறு மாற்றம் செய்யாவிட்டால் போஸ்ட்கிரெஸில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, மாறிய பக்கங்களையெல்லாம் டிஸ்கில் ஏற்றிவிட்டு, "இந்த இடத்துக்கு முந்தைய லாக் இனி மீட்புக்குத் தேவையில்லை" என்று குறித்துவைக்கிறார்கள். மீட்பு அந்த இடத்திலிருந்து தொடங்கும். பழைய லாக் கோப்புகள் மறுபடி பயன்படுத்தப்படும் அல்லது அழிக்கப்படும். அதைத் தரவுத்தளம்தான் செய்ய வேண்டும், நாம் செய்யக் கூடாது. போஸ்ட்கிரெஸில் இந்த லாக் கோப்புகள் இருந்த அடைவுக்கு முன்பு 'பிஜி_எக்ஸ்லாக்' என்று பெயர். டிஸ்க் நிரம்பியபோது, "லாக்தானே" என்று அதை அழித்துத் தங்கள் தரவுத்தளத்தையே கெடுத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். அதனாலேயே 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பில் பெயரை 'பிஜி_வால்' என்று மாற்றினார்கள் ('வால்' என்பது ரைட்-அஹெட் லாக் என்பதன் ஆங்கில முதலெழுத்துகள்). பெயரில் இருந்து 'லாக்' என்ற சொல்லை நீக்குவது பல பேருடைய தரவைக் காப்பாற்றும் வேலையாக இருந்தது என்பது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கிறது.

கிழிந்த பக்கம்

இன்னொரு நுட்பமான ஆபத்து உண்டு. 8 கேபி பக்கத்தை இயங்குதளமும் டிஸ்கும் ஒரே துண்டாகப் பார்ப்பதில்லை. 4 கேபியாகவோ 512 பைட்டாகவோ பிரித்து எழுதுகின்றன. எழுதும் நடுவில் மின்சாரம் போனால் பக்கத்தின் மேல் பாதி புதியது, கீழ்ப் பாதி பழையது. தலையில் புதிய இட எண், உள்ளே பழைய சரக்கு. இப்படிப்பட்ட பக்கத்தின் மேல் லாக்கின் சிறு குறிப்பை ஏற்றினால் குப்பைதான் மிஞ்சும். போஸ்ட்கிரெஸ் இதற்கு, ஒவ்வொரு செக்பாயிண்டுக்குப் பிறகும் ஒரு பக்கம் முதல் முறை மாறும்போது அந்தப் பக்கத்தை முழுதாகவே லாக்கில் எழுதிவிடுகிறது. மீட்பின்போது கிழிந்த பக்கத்தை நம்பாமல், லாக்கில் இருக்கும் முழுப் பிரதியை எடுத்து வைத்து, அதன் மேல் ஏற்றத் தொடங்கும். இன்னோடிபி பக்கங்களை அவற்றின் இடத்தில் எழுதுமுன் தனி இடம் ஒன்றில் ஒரு முறை எழுதிவைத்துக்கொள்கிறது. இரண்டில் ஒன்றாவது முழுதாக இருக்கும்.

எதை விட்டுக்கொடுக்கலாம்

வேகம் போதவில்லை என்றதும் அமைப்புகளில் கை வைப்பவர்கள் உண்டு. போஸ்ட்கிரெஸில் பெயரளவில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு அமைப்புகளை வேறுபடுத்திப் பார்க்கக் கற்றுக்கொள்வது அவசியம்.

'சிங்க்ரனஸ்_கமிட்' என்பதை அணைத்தால், கமிட் குறிப்பு டிஸ்கில் ஏறும்வரை காத்திருக்காமலேயே "பதிவாகிவிட்டது" என்று சொல்லிவிடும். பின்னணியில் ஒரு நிரல் லாக்கை டிஸ்கில் ஏற்றிக்கொண்டே இருக்கும்; வழக்கமான அமைப்பில் அதன் இடைவெளி 200 மில்லி நொடி. மின்சாரம் போனால் கடைசி அரை நொடிச் சொச்சத்தில் வாக்குக் கொடுத்த வரவுகள் காணாமல் போகலாம். ஆனால் கணக்கு உடையாது. பக்கத்துக்கு முன் லாக் என்ற முதல் விதி அப்படியே இருக்கிறது. வலைத்தளத்தில் யார் எந்தப் பக்கம் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கைக்கு இது போதும். கடன் தவணைக்குப் போதாது.

'எஃப்சிங்க்' என்ற அமைப்பையே அணைப்பது முற்றிலும் வேறு. அப்போது எது முன், எது பின் என்ற ஒழுங்கே போய்விடுகிறது. லாக் ஏறாமல் பக்கம் ஏறியிருக்கலாம், செக்பாயிண்ட் முடிந்தது என்று குறித்திருந்தும் பக்கங்கள் ஏறாமல் இருக்கலாம். மின்வெட்டுக்குப் பின் தரவுத்தளம் முழுவதும் சிதைந்து கிடக்கக்கூடும். தேவைப்பட்டால் முதலிலிருந்து மறுபடி உருவாக்கிக்கொள்ளக்கூடிய தரவைத் தவிர வேறு எதற்கும் இதை அணைக்காதீர்கள்.

மைஎஸ்க்யூஎல்லில் இன்னோடிபியின் கமிட் அமைப்பு வழக்கமாக 1. ஒவ்வொரு கமிட்டுக்கும் டிஸ்க் வரை போகும். 2 என்று வைத்தால் ஒவ்வொரு கமிட்டும் இயங்குதளம் வரை போகும், டிஸ்குக்கு ஏறக்குறைய நொடிக்கு ஒரு முறை. அப்படியானால் மைஎஸ்க்யூஎல் மட்டும் செத்தால் ஒன்றும் போகாது, மின்சாரம் போனால் ஒரு நொடி போகலாம். முன்னால் சொன்ன இரண்டு வகை விபத்துகளின் வேறுபாடு இங்கே ஒரு அமைப்பாகவே உட்கார்ந்திருக்கிறது.

எல்லாத் தரவுத்தளமும் ஒரே வழியில் போவதில்லை. உங்கள் கைப்பேசியில் இருக்கும் எஸ்க்யூலைட் இயல்பாகத் தலைகீழ் வழியை வைத்திருக்கிறது: பக்கத்தை மாற்றுமுன் பழைய பக்கத்தைத் தனிக் கோப்பில் பிரதி எடுத்துவைக்கும், பிறகு அசலை மாற்றும். அந்தத் தனிக் கோப்பை அழிக்கும் நொடிதான் கமிட். மின்சாரம் போய் எழும்போது அந்தக் கோப்பு இன்னும் இருந்தால் பழையதைத் திரும்ப வைத்துவிடும். 2010 முதல் நாம் பார்த்த லாக் வழியையும் அதில் தேர்ந்தெடுக்கலாம். எல்எம்டிபி என்ற சிறிய தரவுத்தளமோ லாக்கே வைத்துக்கொள்வதில்லை. பழைய பக்கத்தைத் தொடாமல் புதிய பக்கங்களை வேறு இடத்தில் எழுதிவிட்டு, கடைசியில் "வேர் இனி இங்கே" என்று ஒரு பக்கத்தை மட்டும் மாற்றும். எல்லாவற்றிலும் எஃப்சிங்க் உண்டு.

எஃப்சிங்க்கை நம்பலாமா?

2018-இல் போஸ்ட்கிரெஸ் உருவாக்குநர்களைத் தூக்கிவாரிப்போட்ட ஒரு விஷயம் வெளியே வந்தது. லினக்ஸில் டிஸ்கில் எழுதும்போது பிழை நேர்ந்தால் எஃப்சிங்க் "தோல்வி" என்று சொல்லும், அது சரி. மறுபடி கூப்பிட்டால் எழுதாமல் நின்றதை எழுத முயலும் என்றுதான் போஸ்ட்கிரெஸ் நம்பியிருந்தது. ஆனால் முதல் தோல்வியிலேயே இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் அந்தப் பக்கங்களை "எழுதியாயிற்று" என்று குறித்துவிடக்கூடும். இரண்டாவது எஃப்சிங்க் "வெற்றி" என்று திரும்பும், டிஸ்கில் தரவு இருக்காது. செக்பாயிண்ட் அந்த இரண்டாவது பதிலை நம்பி, தேவையான லாக்கைக் கைவிட்டுவிடும். 2019 பிப்ரவரியில் வந்த திருத்தங்களுக்குப் பிறகு, எஃப்சிங்க் ஒரு முறை தோற்றாலே போஸ்ட்கிரெஸ் தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறது. பிறகு எழுந்து, லாக்கிலிருந்து மீட்டுக்கொள்கிறது. சந்தேகம் வந்தால் நினைவகத்தை விட்டுவிட்டுச் சிட்டையை நம்பு என்று அவர்கள் முடிவெடுத்தது மிகச் சரி.

இயங்குதளத்துக்கும் கீழே டிஸ்க் இருக்கிறது. தன் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு "தட்டில் எழுதிவிட்டேன்" என்று சொல்லும் டிஸ்குகள் உண்டு. சர்வர்களுக்கென்று விற்கும் பல எஸ்எஸ்டிகளில் மின்சாரம் போனாலும் கையில் இருப்பதை எழுதி முடிக்கும் அளவுக்கு மின்தேக்கிகள் இருக்கும்; அவை நினைவகத்தில் வைத்துக்கொண்டு "எழுதிவிட்டேன்" என்றாலும் குற்றமில்லை. வீட்டுக் கணினிக்கான டிஸ்குகள் பலவற்றில் அவை இருக்காது. விண்டோஸில் போஸ்ட்கிரெஸ் வழக்கமாகத் தேர்ந்தெடுக்கும் எழுதும் முறை டிஸ்கின் இந்த நினைவகத்தைத் தாண்டி ஏறிவிட்டதா என்று உறுதிசெய்வதில்லை. டிஸ்கின் பண்புகளில் இந்த நினைவகத்தின் பயன்பாட்டை, அதாவது எழுது-கேஷை, நாமே அணைக்க வேண்டும், அல்லது போஸ்ட்கிரெஸில் வேறு முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சங்கத்தின் கணினி விண்டோஸ்தான். உள்ளே இருப்பது 7,200 சுற்று ஹார்ட் டிஸ்க். போஸ்ட்கிரெஸோடு 'பிஜி_டெஸ்ட்_எஃப்சிங்க்' என்ற சிறு கருவி வருகிறது. நொடிக்கு எத்தனை முறை டிஸ்க் வரை எழுதித் திரும்ப முடிகிறது என்று ஒவ்வொரு முறைக்கும் அளந்து காட்டும். நிறுவிய அன்று அதை ஓட்டிப் பார்த்தபோது, போஸ்ட்கிரெஸ் பயன்படுத்தவிருந்த முறைக்கு எதிரே ஆயிரக்கணக்கில் ஒரு எண் நின்றது. நொடிக்கு 120 முறை சுற்றும் தட்டால் அது நடக்காத காரியம். டிஸ்கின் பண்புகளைத் திறந்து எழுது-கேஷுக்கு எதிரே இருந்த குறியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். எண் நூற்றுச் சொச்சத்துக்கு இறங்கியது. அதன் பிறகுதான் அக்காவிடம் கணினியை ஒப்படைத்தேன்.